இருசக்கர வாகன மறுபூச்சு: வேலூர்–ஆம்பூர் வட்டாரம்

மங்கிய, கீறல் விழுந்த, துருவேறிய வண்டியின் பெட்ரோல் டேங்க், மட்கார்டு, சைடு பாக்ஸ் முதலியவற்றைத் தேய்த்துப் புதிதாக நிறம் ஏற்றும் வேலை மறுபூச்சு எனப்படும். டிங்கரிங் பட்டறைக்குப் போகாமல் வண்டிக்காரரே இதைச் செய்ய முனையும்போது எந்த நிறம் என்றுதான் முதலில் யோசிப்பார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் படுகையில் கிடக்கும் தோல் தொழில் ஊர்களில் அதைக் கடைசியில் யோசித்தால் போதும். எந்த வகைப் பெயிண்ட், எந்தத் தண்ணீரில் தேய்ப்பது, எந்த மாதத்தில் அடிப்பது என்பவைதான் இங்கே பூச்சு நிலைக்குமா உரியுமா என்பதை முடிவு செய்கின்றன. 2019 வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்து இப்போது வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்திருக்கும் பகுதி இது.

பெயிண்ட் வகைகள்

வீட்டுக் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற சாதா எனாமல் மலிவானது, பிரஷ்ஷாலும் பூசலாம். ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி மெல்ல இறுகும் ஆல்கிட் பிசின் அது. மணிக்கணக்கில் ஈரமாக நிற்கும். தெருத் தூசி முழுவதும் அதில் வந்து உட்காரும். சேசிஸ், ஸ்டாண்டு போன்ற கண்ணில் படாத இரும்புக்கு அது போதும்.

என்.சி. பெயிண்ட் என்று கடைக்காரர் சொல்வது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். பழைய பெயிண்டர்கள் வாயில் இது இன்னும் ‘டூகோ’தான். அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனம் அந்தப் பெயரில் கொண்டுவந்த லேக்கர் 1923இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லாந்து கார்களில் ஏறியது. அதுவரை வார்னிஷ் காயவே வாரக்கணக்கில் காத்திருந்த கார் ஆலைகளின் வேலை அதன்பின் மணிக்கணக்கில் முடிந்தது. தின்னர் ஆவியானதும் காய்ந்துவிடுவதுதான் என்.சி.யின் பலம். வழிந்தாலும் தூசி விழுந்தாலும் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம் என்பதால் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல பெயிண்ட் இல்லை. அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது: தின்னரில் கரைந்து உருவான படலம் காய்ந்த பிறகும் கரைப்பான்களுக்கு இளகிக் கொடுக்கும். கடையில் கிடைக்கும் ஸ்பிரே டப்பாக்களில் பெரும்பாலானவை அக்ரிலிக் வகை. அவையும் ஆவியாகி மட்டுமே காய்வதால் இதே குறை அவற்றுக்கும் உண்டு.

இந்த ஊர்களுக்கு நைட்ரோசெல்லுலோஸ் புதிதல்ல. பதனிட்ட தோலுக்கு ஃபினிஷிங் பிரிவில் பளபளப்புக்காகத் தெளிக்கும் லேக்கர்களில் ஒரு பகுதி இதே குடும்பம்; ஸ்பிரே கன் பிடித்துப் பழகிய கைகளும் இங்கே நிறைய. அதனால் ஆலையில் மிஞ்சிய லேக்கரை டேங்க்கில் அடித்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. அடிக்கக் கூடாது. ஷூவின் மேல்தோல் ஒவ்வோர் அடிக்கும் மடிந்து நிமிர வேண்டியது. ஆகவே அதற்கான லேக்கரில் படலத்தை இளக்கமாக வைக்கும் பொருள்கள் தாராளமாகச் சேர்ந்திருக்கும். இரும்பின்மேல் அது கடினமாகாது, கைபட்டாலே தடம் விழும், பெட்ரோலுக்கும் தாங்காது.

நான்காவது வகை, ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பாலியூரித்தேன், சுருக்கமாக பி.யூ. பிசினும் ஹார்ட்னரும் வேதிவினை புரிந்து வலைபோலப் பின்னிக்கொள்வதால் முழுதாக இறுகிய பின் தின்னர் இதைக் கரைக்காது. கலந்த பிறகு டப்பாவிலேயே இறுகத் தொடங்கும் என்பதால் வேண்டிய அளவு மட்டும் கலக்க வேண்டும்; வெயில் ஏற ஏற அந்த அவகாசம் சுருங்கும். இன்றைய வண்டிகளுக்குப் பொருந்துவது நிறத்துக்கு ஒரு பேஸ் கோட், அதன்மேல் பி.யூ. கிளியர் கோட் என்ற அடுக்கு. டேங்க் மூடியைச் சுற்றிப் பெட்ரோல் சிந்தாமல் ஒரு வண்டியும் ஓடுவதில்லை. இப்போது அந்தப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனாலும் சேர்ந்து வருகிறது. என்.சி.யை மட்டும் நம்பி விட்ட டேங்க் மூடியோரத்தில்தான் முதலில் மங்கும்.

பி.யூ. ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். ஷூ ஆலைகளில் அடிப்பாகம் ஒட்டும் பசையில் கலக்கும் ஹார்ட்னரும் இந்த இனமே. ஸ்பிரேயில் பறக்கும் அதன் நுண்துளிகளை மூச்சில் வாங்கினால் ஆஸ்துமா வரலாம்; ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் அடுத்த முறை சிறிதளவே போதும். ஆபத்தான அளவிலும் அதற்கு வாசனை தெரியாது என்பதால் முகமூடியின் வடிகட்டி தீர்ந்துபோனதும் புரியாது. கைக்குட்டை கட்டிக்கொள்வதால் ஒரு பயனும் இல்லை. வெளியிலிருந்து குழாய்வழி நல்ல காற்று வரும் முகமூடி இல்லாதவர் மொட்டை மாடியிலும் இதை அடிக்காமலிருப்பது நல்லது. தேய்ப்பு, பிரைமர், நிறம் மூன்றையும் வீட்டில் முடித்துவிட்டு, மேலே போகும் கிளியர் கோட்டுக்கு மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோவதே இக்கட்டுரை பரிந்துரைக்கும் வழி. அப்படிச் செய்வதானால் பட்டறையின் கிளியர் கோட்டோடு ஒத்துப்போகும் பேஸ் கோட்டை முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்.

பழைய பூச்சை அறிதல்

தின்னரில் நனைத்த துணியை டேங்க்கின் அடிப்பக்கத்தில் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் விடை கிடைத்துவிடும். நிறம் துணியில் கரைந்து வந்தால் என்.சி. அல்லது அக்ரிலிக். சுருங்கிக் கிளம்பினால் எனாமல், அதன்மேல் என்.சி. அடித்தால் மொத்தமும் இப்படியே கிளம்பும் என்பதால் அடிவரை சுரண்டியாக வேண்டும். ஒன்றும் ஆகாவிட்டால் ஆலையில் சூளையில் சுட்ட பூச்சு அல்லது பி.யூ.; அது கெட்டியாக இருக்கும் இடங்களில் உரிக்கவே தேவையில்லை, மேலாகத் தேய்த்து அதையே அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர்

வாட்டர் பேப்பர் தேய்ப்பில் 220இல் தொடங்கி 400, 600 என நயமான எண்களுக்குப் போவதை எல்லோரும் சொல்வார்கள். எந்தத் தண்ணீரில் என்பதை யாரும் சொல்வதில்லை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டுத்தான் ஆலைக்கு வருகிறது. பல பத்தாண்டுகளாக அந்த உப்பு கழிவுநீரோடு பாலாற்றுப் படுகையிலும் கிணறுகளிலும் இறங்கியிருக்கிறது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது இந்த வட்டாரத்தின் தோல் ஆலைகளை முன்வைத்துத்தான். தீர்ப்பு வந்ததால் நிலத்தடி நீர் இனித்துவிடவில்லை. வட்டாரத்தின் பல கிணறுகளிலும் போர்வெல்களிலும் இன்றும் உப்புத்தான்.

அந்தத் தண்ணீரில் தேய்த்துக் காயவிட்டால் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படிவு தகட்டிலும், பள்ளங்களை நிரப்பும் பட்டியிலும் தங்கிவிடும். எந்தப் பெயிண்ட் படலமும் ஈரத்தை முற்றிலும் தடுப்பதில்லை. மழைக்காலத்தில் படலத்தைக் கடந்து வரும் ஈரத்தை அடியிலிருக்கும் உப்பு உறிஞ்சி வைத்துக்கொள்ள, சிறு சிறு கொப்புளங்கள் எழும். ஆறு மாதம் கழித்துக் கொப்புளம் வந்ததும் பெயிண்ட் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது வழக்கம். தேய்ப்புக்கும் கடைசிக் கழுவலுக்கும் ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் போதும். சேமித்த மழைநீரும் ஆகும். கழுவியதும் தானாகக் காய விடாமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

பட்டியிலும் இதே கவனம் வேண்டும். பாலியெஸ்டர் பட்டி ஈரத்தைக் குடிக்கும் என்பதால் அதை உலர்ந்த எமரித் தாளில் தேய்த்துவிட்டு, மேலே பிரைமர் அடித்த பிறகே தண்ணீரைத் தொட வேண்டும்.

காற்றும் பருவமும்

தோலிலிருந்து முடி நீக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளில் சோடியம் சல்பைடு சேர்ப்பதுண்டு. அந்தக் கழிவு அமிலத்தோடு சேரும்போது அழுகிய முட்டை நாற்றத்துடன் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். ஈயம் கலந்த நிறமிகள் அதனோடு வினைபுரிந்து கறுப்பான ஈய சல்பைடாக மாறக்கூடியவை. லெட் குரோமேட் சேர்ந்த பளிச்சென்ற மஞ்சளும் ஆரஞ்சும் ஆலைக்கு அருகே நிறுத்தும் வண்டிக்கு ஆகாது. 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நடப்பில் இருக்கிறது. அது வாகனப் பெயிண்டுகளுக்குப் பொருந்தாது. ஈயமில்லாதது என்று டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

பிரைமரில் குரோமியத்தையும் கவனிக்கலாம். தோல் பதனிடப் பயன்படுவது மூன்றிணைதிற குரோமியம். பழைய ஜிங்க் குரோமேட் பிரைமரில் இருப்பது புற்றுநோய் விளைவிக்கும் ஆறிணைதிறக் குரோமியம். இராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மேடு அந்த ஆறிணைதிற வகைக்குத்தான் பேர்போனது. ஜிங்க் பாஸ்பேட் அல்லது எபாக்சி பிரைமர் கிடைக்கும்போது குரோமேட்டைத் தொட வேண்டியதே இல்லை.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் என்.சி. அடித்தால் பால் தெளித்ததுபோல வெண்மை படரும். தின்னர் விரைந்து ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிவதே காரணம். மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மெல்லிதாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையில் நிலைமை தலைகீழ்: துளிகள் வழியிலேயே காய்ந்து சொரசொரப்பாக ஒட்டும். பிப்ரவரி, மார்ச் மாதக் காலை வேளைகள் இரண்டுக்கும் நடுவே வாய்ப்பவை.

சட்டம்

வண்டியின் நிறம் பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. அதே நிறத்தை மறுபடி அடிப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. வேறு நிறமானால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றிதழில் மாற்றிக்கொள்ள வேண்டும். புல்லட்டுக்கு ஆலிவ் பச்சை அடித்துப் பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 121ஆம் விதி, 1990 ஜூலை 1 முதல் பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமில்லாத எந்த வாகனத்துக்கும் அந்த நிறத்தைத் தடை செய்திருக்கிறது.