நட்டவர்கள் போய்விட்டார்கள், மரங்கள் நிற்கின்றன



மழைக்காலம் நெருங்கினால் நமது பாடசாலைகளிலும் பள்ளிவாசல் வளவுகளிலும் கடைத்தெருக்களிலும் ஒரு பேச்சு எழும்: "அந்த மரத்த வெட்டிப் போடுவோம்." அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி காலை, கொள்ளுப்பிட்டி டூப்ளிகேஷன் வீதியில் தெனியாய பஸ்ஸின் மீது பாரிய மரம் சாய்ந்து ஐந்து பேர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் வெட்டுவது, அல்லது அப்படியே விட்டுவிடுவது. இந்த இரண்டு வழிகள்தானா நமக்கு உண்டு?

கொழும்பு வீதிகளில் நிற்கும் மாரா மரம் இந்த மண்ணுக்குரியதல்ல. மத்திய அமெரிக்காவும் தென்னமெரிக்காவின் வடபகுதியும் அதன் தாயகம். ஆங்கிலேயர் காலத்தில் நிழலுக்காக இங்கே வந்தது. ஒல்லாந்தர் கறுவா பயிரிட்ட கறுவாத்தோட்டம் பங்களாக்கள் நிறைந்த இடமானது. 1921இல் பேட்ரிக் கெடிஸ் கொழும்புக்கு நகரத் திட்டம் வரைந்தபோது அதை ஒரு தோட்ட நகரமாகவே கண்டார். அன்று வீதிகளில் மாட்டு வண்டியும் ரிக்‌ஷாவும் ஓடின. பிறகு வீதியை அகலமாக்கினோம், வடிகான் வெட்டினோம், குழாய் புதைத்தோம், நடைபாதைக்குக் கொங்கிரீட் போட்டோம். ஒவ்வொரு தடவையும் வேர்தான் அறுபட்டது. மரம் மேலே பெருக்கப் பெருக்க, கீழே அதன் பிடிமானம் சுருங்கியது.

பலா, ஈரப்பலா போன்ற மரங்களை நினைத்தபடி தறிக்க முடியாதவாறு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் நிற்கும் மரத்தைப் பராமரிக்கும் தொழிலைச் சட்டம் கற்றுத்தராது.

அந்தத் தொழில் வேறு நாடுகளில் வளர்ந்தது. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் ஒஹாயோவில் குடியேறிய ஜோன் டேவி, 1901இல் மர வைத்தியம் பற்றி ஒரு நூல் எழுதினார். 1909இல் அதற்கென்றே தன் கம்பனியைப் பதிவு செய்தார். அக்கால மர வைத்தியர்கள் பொந்தைச் சுரண்டிச் சீமெந்தால் அடைத்தார்கள், பல்வைத்தியர் பல்லை அடைப்பது போல. பல ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்த்தார். மரத்தின் காயம் நமது தோலைப் போல ஆறுவதில்லை. மரம் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, உக்கல் பரவாமல் அடைத்துவிடுகிறது என்று 1977இல் விளக்கினார். பொந்தைச் சுரண்டினால் அந்தச் சுவர் உடைகிறது.

இதில் நமக்கென்ன? கொப்பு தண்டோடு சேரும் இடத்தில் சற்று வீங்கிய ஒரு வளையம் இருக்கும். அதற்கு வெளியே வெட்டினால் மரம் காயத்தை மூடிக்கொள்ளும். தண்டோடு ஒட்ட வெட்டினால் உக்கல் உள்ளே போகும். நம் ஊர்களில் வழமையாகச் செய்வது போல உச்சியை மொட்டையடித்தால், வெட்டிய இடம் உக்கி, அதே இடத்திலிருந்து பலமில்லாத புதுக் கொப்புகள் கொத்தாக எழும். சில வருடங்களில் காற்றுக்கு முறிந்து விழுபவை அவைதான். பாதுகாப்புக்கென்று செய்த வேலையே ஆபத்தாகிறது.

ஆகவே இந்த மழைக்கு முன் மரத்தடிக்குப் போய்ப் பார்ப்போம். அடியில் காளான் முளைத்திருக்கிறதா? தண்டில் வெடிப்புண்டா? புதிதாகச் சாய்ந்திருக்கிறதா? வேர்ப்பக்க மண் கிளம்பியிருக்கிறதா? இருந்தால் தாமதிக்காமல் உள்ளூராட்சி சபைக்கு அறிவிப்போம். அறிந்தவர்கள் பார்த்து, அகற்றத்தான் வேண்டும் என்றால் அகற்றுவோம். உயிரைவிட மரம் பெரிதல்ல. மற்ற மரங்களுக்கு, கத்தியோடு வருபவருக்குக் கொடுக்கும் கூலியை, எங்கே வெட்டுவது என்று தெரிந்தவருக்குக் கொடுப்போம்.

மரம் நடுவது ஸதகா என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நட்டவர்கள் இப்போது இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற நிழலில் நமது பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அந்த மரங்களைப் பார்த்துக்கொள்ளும் முறை இப்போது நம்முடையது.