வேங்கடச் சாரலில் இரு நகரங்கள்: சித்தூரும் திருப்பதியும்

தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழகத்தின் வட எல்லையாகச் சுட்டுகின்றது. அதனால் அம்மலையைச் சூழ்ந்த ஊர்கள் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் எல்லைச் சிக்கலை மையமாகக் கொண்டே எழுந்தன. அவ்வூர்கள் யாருக்கு உரியன என்னும் வினா, அவை தம்முள் எவ்வாறு இணைந்து இயங்கின என்னும் வினாவை மறைத்துவிட்டது எனலாம். ஒரு பெருநகரை நம்பிச் சிற்றூர்கள் வாழ்வது ஒருவகை. நிகரான நகரங்கள் பணிகளைப் பகிர்ந்துகொண்டு ஒரே வட்டாரமாக இயங்குவது மற்றொருவகை. பின்னதைப் பன்மைய நகர வட்டாரம் எனலாம். ஏறத்தாழ 70 கி.மீ. இடைவெளியில் அமைந்த சித்தூரும் திருப்பதியும் இதற்குச் சான்றாகும்.

திருமலைக் கோயிலின் ஆட்சி 1801இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் கைக்கு வந்தது. கோயில் மலைமேல் இருக்க, அதன் கண்காணிப்பு சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட வட ஆர்க்காட்டு ஆட்சியரைச் சார்ந்தது. கோயில் நடைமுறைகளை வரையறுத்த 1821ஆம் ஆண்டுப் புரூஸ் விதித்தொகுப்பு இவ்வுறவின் விளைவே. காணிக்கை ஓரூரில், கணக்கு மற்றோரூரில்! 1843இல் கும்பெனி விலகிப் பொறுப்பை ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைத்தது. மகந்துகளின் ஆட்சி 1933 வரை நீடித்தது. பின்னர்த் தேவஸ்தானம் சட்டவழி அமைந்தது. இவ்வாறு நிருவாகப் பிணைப்பு தளர்ந்த காலத்தில் இருப்புப்பாதை புதிய பிணைப்பாயிற்று. காட்பாடியையும் கூடூரையும் இணைக்கும் தடம் சித்தூர், பாகாலா, திருப்பதி, ரேணிகுண்டா, காளத்தி ஆகிய ஊர்களை ஒரே சரட்டில் கோத்தது.

1911 ஏப்ரல் 1இல் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. வட ஆர்க்காட்டின் தலைமையிடம் வேலூருக்கு மாறியது. சித்தூருக்குத் திருப்பதியைவிட வேலூரே அண்மையது. எனினும் இரண்டும் வெவ்வேறு மாவட்டங்களாயின, 1953க்குப்பின் வெவ்வேறு மாநிலங்களுமாயின. மங்கலங்கிழார், ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தையடுத்து, படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. தமிழில் இழப்பாகவே எழுதப்படும் இந்நிகழ்வு இரட்டை நகரங்களைப் பிரிக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. ஆட்சியர் அலுவலகமும் மாவட்ட நீதிமன்றமும் சித்தூரில் இருந்தன. 1954இல் தோன்றிய திருவேங்கடேசுவரர் பல்கலைக்கழகமும் பெரிய மருத்துவமனைகளும் திருப்பதியில் அமைந்தன. வழக்குக்கு ஓரிடம், படிப்புக்கு ஓரிடம் என்பது மக்கள் வழக்கமாயிற்று. மருத்துவத்திற்கு வேலூர் செல்வோர் மாநில எல்லையைப் பொருட்படுத்தியதில்லை.

2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமானபோதுதான் இவ்விரு நகரங்களுக்கும் இடையே முதன்முறையாக மாவட்டக் கோடு விழுந்தது. அன்று நகரி சித்தூரோடு நிற்க, அதன் அண்டையூரான புத்தூர் திருப்பதியோடு சென்றது. ஒரே நெசவுத் தொழிலை நம்பிய அவ்விரண்டு ஊர்களின் மனுக்கள் அதுமுதல் இருவேறு ஆட்சியர் அலுவலகங்களுக்குச் செல்லலாயின.