நீர்வழிப் பங்கசுகளும் மனித நலனும்: ஒரு வரலாற்று நோக்கு

கிழக்கே வங்கக் கடலும் மேற்கே நெல்வயல்களும் சூழ அமைந்தவை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்கள். கடலிலே மீன்பிடித்தும், வயற்சேற்றிலே உழைத்தும், முற்றத்துக் கிணற்றிலே நீரள்ளியும், பள்ளிவாசல் ஹவுழிலே வுழூச் செய்தும் இம்மக்கள் நாள்தோறும் நீரோடு உறவாடுகின்றனர். ஆகவே நீரினால் வரும் நோய்களின் வரலாறு இவர்களுக்குப் புறம்பானதன்று.

அவ்வரலாற்றின் பெரும்பகுதி குடிநீரைப் பற்றியதாகும். 1854ஆம் ஆண்டு இலண்டனிற் பரவிய வாந்திபேதிக்கும் தெருவோரப் பம்பியொன்றின் நீருக்குமிடையிலான தொடர்பை ஜோன் சினோ என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். வாந்திபேதியும் நெருப்புக் காய்ச்சலும் வாய்வழி புகுவன. பங்கசுகளின் வழி பெரும்பாலும் வேறானது. அவை நன்னீரிலும் சேற்றிலும் நீர்க்குழாய்களின் உட்சுவரிலும் இயல்பாகவே காணப்படுகின்றன. நலமுள்ளோர் அந்நீரை அருந்துவதாற் பெரும்பாலும் கேடு விளைவதில்லை. காயத்தின் வழியாகவோ மூச்சின் வழியாகவோ புகும்போதும், உடலின் எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும்போதுமே அவை பகையாகின்றன. இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்தும் இரு செய்திகள் இலங்கையோடு தொடர்புடையன.

முதலாவது, றைனோஸ்போரிடியோசிசு என்னும் நோயாகும். மூக்கினுட் செந்நிறச் சதைவளர்ச்சியாகத் தோன்றி, மூச்சை அடைத்து, குருதி கசியச் செய்வது இதன் இயல்பு. 1900இல் ஆர்ஜென்டீனாவைச் சேர்ந்த கில்லெர்மோ சீபர் இதனை விவரித்தார். 1923இல் ஆஷ்வேர்த் என்னும் அறிஞர் இதன் காரணியைப் பங்கசு என வகுத்தார். எனினும் இந்நோய் மிகுந்து காணப்படுவது தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமேயாம். தேங்கிய குளநீரில் நீராடுவோரிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. காரணியை ஆய்வுகூட ஊடகங்களில் வளர்க்க இயலாமையால் அதன் இனம் பற்றிய ஐயம் நெடுங்காலம் நீடித்தது. 1999இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். என். அர்செக்குலரத்ன உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணு ஆய்வின் மூலம், அது உண்மையான பங்கசன்று, மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகளுக்கு இனமானது என நிறுவினர். காரணியின் வகை மாறியபோதும், நீராடலோடு அந்நோய் கொண்ட தொடர்பு மாறவில்லை.

இரண்டாவது, 2004 டிசெம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையோடு தொடர்புடையது. அன்று அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியோர் பலரின் காயங்களுள் அலை சேற்றையும் மண்ணையும் திணித்திருந்தது. இலங்கையில் அவ்வாறு காயமுற்று, பின்னர் ஆஸ்திரேலியாவிற் சிகிச்சை பெற்ற ஒருவரின் புண்களில் மியூக்கோர்மைக்கோசிசு என்னும் பங்கசுத் தொற்று கண்டறியப்பட்டது. இச்செய்தி 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. இத்தொற்று குருதிக் குழாய்களை அடைத்து இழையங்களை விரைவிற் சாகச் செய்வது. பற்றீரியாக்களுக்குரிய நுண்ணுயிர்கொல்லிகள் இதற்குப் பயன்படா. இறந்த இழையத்தை வெட்டியகற்றலும் பங்கசெதிர் மருந்தும் ஒருங்கே வேண்டும்.

இங்குச் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்நோயாளியின் இழையம் ஆய்வுகூடத்திற் சோதிக்கப்பட்டமையாலேயே உண்மை வெளிப்பட்டது. அவ்வசதி இல்லாதவிடத்து இத்தகைய புண் சாதாரணச் சீழ்ப்புண்ணாகவே கருதப்படக்கூடும். உரிய மருந்து சேருமுன் உயிரும் பிரியக்கூடும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் 19 பங்கசு இனங்களையும் பிரிவுகளையும் முதன்மைக் கவனத்துக்குரியனவாகப் பட்டியலிட்டது. மியூக்கோர்மைக்கோசிசின் காரணிகளும் அதில் இடம்பெற்றன.

நீரை அஞ்சி வாழ்தல் கரையோர மக்களுக்கு இயலாது; அது தேவையுமன்று. தேங்கிய நீரில் மூழ்கி நீராடுவதைத் தவிர்த்தல், சேறுபட்ட காயத்தைத் தூய நீரால் உடனே கழுவுதல், மருந்துக்கு ஆறாத புண்ணை இழையச் சோதனைக்கு உட்படுத்துதல் என்பன எளிய காப்புகளாம். முதலிரண்டும் மக்கள் கையில் உள்ளன. மூன்றாவது நிறைவேறுவதற்கோ, வெள்ளமும் அலையும் முதலில் தாக்கும் ஊர்களின் மருத்துவமனைகளிலேயே ஆய்வுகூட வசதி வளர்தல் வேண்டும்.