முறிந்த கையும் ஜப்ர் கலையும்

'ஜப்ர்' என்னும் அரபுச் சொல்லைக் கேட்டதும் பலருக்குக் கணிதமே நினைவில் எழும். முறிந்ததைப் பொருத்திச் சீராக்குதல் என்பதும் அதன் பொருளே. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரை அரபியர் 'முஜப்பிர்' என்றனர். அச்சொல்லின் வழிவந்த 'அல்ஹெப்ரிஸ்தா' ஸ்பானிய மொழியில் எலும்பு வைத்தியரைக் குறித்தது. 1615இல் வெளிவந்த 'டான் கிஹோட்டே' இரண்டாம் பாகத்திலும் அதனைக் காண்கிறோம்.

அந்தலூஸில் இக்கலையை நூல்வடிவில் வகுத்தவருள் தலையாயவர், குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (மறைவு ஹி. 404 / கி.பி. 1013). அவரது 'அத்தஸ்ரீஃப்' முப்பது பகுதிகள் கொண்டது. அறுவை மருத்துவம் பற்றிய இறுதிப் பகுதியின் மூன்றாம் பிரிவு எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் விளக்குகிறது. விரல் முறிந்தால் அடுத்துள்ள நல்ல விரலோடு சேர்த்துக் கட்டுமாறு அவர் கூறுகிறார். எளிய முறிவுகளுக்கு இன்றைய மருத்துவரும் இம்முறையைக் கையாள்கின்றனர்.

எனினும், எலும்பு முறிவதோடு தசையும் கிழிந்துவிட்டால் இடர் இரட்டிப்பாகிறது. எலும்பு அசையாதிருக்க வேண்டும். புண்ணோ திறந்திருக்க வேண்டும். கட்டை இறுக்கினால் புண் கெடும். தளர்த்தினால் எலும்பு விலகும். புண்ணுக்கு நேராகக் கட்டில் திறப்பு விடுவதே ஸஹ்ராவி காட்டிய வழி. அவருக்கு முன்னரே கிரேக்கரான புக்ராத், கால் முறிவுக்குத் தோல் வளையங்கள் இரண்டை அணிவித்து, அவற்றிடையே வளையும் குச்சிகளைப் பொருத்தினார். புண் வெளியே தெரிய, எலும்பு நிலைபெற்றது.

எலும்பிலேயே உலோக ஊசிகளை ஊன்றி, அவற்றைத் தோலுக்கு வெளியே சட்டத்தால் பிணைக்கும் முறை பிற்காலத்தது. அமெரிக்காவில் பார்க்ஹில் 1897இலும் பெல்ஜியத்தில் லம்போத் 1902இலும் இதனை வளர்த்தனர். 1938இல் ஜெனீவாவின் ரவூல் ஹாஃப்மன், சட்டத்தைப் பொருத்திய பின்னரும் எலும்பைச் சீராக்க வழிகண்டார். கையில் உள்ள 27 எலும்புகளும் சிறியவை. தசைநார்கள் அவற்றை ஒட்டியே ஓடுகின்றன. ஆதலின் கைக்கெனச் சிறு சட்டங்கள் பின்னர் உருவாயின. நசுங்கிய கையிலும் எலும்பு நொறுங்கிய விரலிலும் இவை பெரிதும் உதவுகின்றன. ஊசித்துளையில் சீழ் பிடிப்பதும் விரல் விறைத்துப்போவதும் இம்முறையின் குறைகள்.

இச்சட்டத்தையும் ஸஹ்ராவியே கண்டார் என்று நாம் உரிமை கோரலாகாது. அது அவருக்குப் பெருமை சேர்க்காது. எலும்பு முறிவுப் பிரிவின் தொடக்கத்தில் அவர், இக்கலை தம் நாட்டில் அறியாதார் கையில் சிக்கி அருகிவிட்டதை எண்ணி வருந்துகிறார். முன்னோர் நூல்களை நெடிது பயின்றும் வாழ்நாள் முழுதும் செய்து பார்த்துமே தமக்கு இத்தேர்ச்சி வாய்த்ததென ஒப்புகிறார். கிரேக்கரிடம் பெற்றதை மறையாதவர் அவர். அவர் பெயரால் பிறர் உழைப்பை நாம் மறைப்போமாயின், அவருடைய நூலைப் போற்றி அவருடைய நேர்மையைக் கைவிட்டவர் ஆவோம்.