கபிலர் பார்த்த பூனைப் பல்

முல்லை அரும்பைக் கபிலர் எதற்கு ஒப்பிட்டார் தெரியுமா? காட்டுப்பூனைக் குட்டியின் கூரிய பல்லுக்கு! பாரியின் நாட்டைப் பாடும் புறநானூறு 117-ஆம் பாடலில் இது வருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதியிலிருந்து எல்லை தாண்டினால், அதிக தூரமில்லை. பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை!

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே புலவர் பூனையின் வாயைப் பார்த்துவிட்டார். மடியில் வைத்துக் கொஞ்சும் நாம் பார்த்தோமா? வாய்நாற்றம், ஒழுகும் எச்சில், தட்டுவரை வந்து சாப்பிடாமல் திரும்புவது... 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறோம். அது ஆறாத ஈறுப்புண்ணாக இருக்கலாம். பூனை வலியைச் சுலபத்தில் காட்டிக்கொள்ளாது! நோய் முற்றினால் மருந்து மட்டும் போதாமல், 30 பற்களில் பெரும்பாலானவற்றை டாக்டர் பிடுங்க வேண்டிவரும். 'ஐயோ, எப்படிச் சாப்பிடும்?' என்று பதறாதீர்கள். புண் ஆறியதும், பிசைந்த மீனைப் பல்லில்லாமலே வெளுத்துக்கட்டும்!

இன்றைக்கே உதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்களேன்.