647 பெண்களும் ஒரு சிக்னலும்

எங்க ஏரியாவுல ஒரு நாலு ரோடு சந்திப்பு இருக்கு. ஒரு வருஷம் அங்க வரிசையா விபத்து. பேரிகேட் வெச்சாங்க. அடுத்த வருஷம் விபத்து குறைஞ்சது. "பாத்தியா, பேரிகேட் வேலை செய்யுது"ன்னு நானும்தான் சொன்னேன். அது சரியான்னு தேடினப்போ, கதை ரோட்டுல ஆரம்பிக்கல. முதல் உலகப் போர் சமயத்துல, பிரிட்டன்ல பீரங்கிக் குண்டு தயாரிச்ச பெண்கள்கிட்ட ஆரம்பிக்குது.

மேஜர் கிரீன்வுட், உட்னி யூல்னு ரெண்டு பேர். (மேஜர்ங்கறது ராணுவப் பதவி இல்ல, அவர் பேரே அதான்!) 647 பெண்களோட அஞ்சு வார விபத்துக் கணக்கை எடுத்து, 1920-ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. 447 பேருக்கு ஒரு விபத்துகூட இல்ல. 26 பேருக்கு மட்டும் மூணு அல்லது அதுக்கு மேல. எல்லாருக்கும் ஒரே அளவு ரிஸ்க், மத்ததெல்லாம் அதிர்ஷ்டம்னு வெச்சுக் கணக்குப் போட்டா, அந்த 26 இருக்கவேண்டிய இடத்துல சுமார் எட்டுதான் வரணும். ஆக, ரிஸ்க் எல்லாருக்கும் ஒண்ணு இல்ல. அதுக்கு அவங்க பயன்படுத்தின சூத்திரத்தோட இன்றைய பேர் 'நெகடிவ் பைனாமியல்'.

இங்கதான் சிக்கல். ரிஸ்க் வேறுபடுதுன்னு மட்டும்தான் அந்தக் கணக்கு சொல்லுது. வேறுபாடு ஆள்கிட்டயா, அவங்க நின்ன மெஷின்கிட்டயா? அதைச் சொல்லாது. ஆனா 1926-ல ஃபார்மர், சேம்பர்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் 'ஆக்சிடென்ட் ப்ரோன்'ங்கற கருத்துக்குப் பேர் வெச்சாங்க. விபத்துக்குன்னே பிறந்த ஆள்ங்கற மாதிரி! 1939-ல அதே கண்ணாடியை மோட்டார் டிரைவர்கள் மேலயும் திருப்பினாங்க. டிரைவர் மேல பழியைப் போட்டாச்சுன்னா, ரோட்டைப் பத்தி யாரும் கேக்கப் போறதில்ல.

பின்னாடி அதே சூத்திரத்துல ஆளை எடுத்துட்டு, சாலைச் சந்திப்பை உள்ள வெச்சாங்க. 1980-கள்ல கனடாவுல எஸ்ரா ஹவர் இதை வெச்சு ஒரு முக்கியமான விஷயத்தை அழுத்திச் சொன்னார். ஒரு உதாரணம்: ஒரே மாதிரியான சந்திப்புகள்ல சராசரியா வருஷத்துக்கு 3 விபத்து. உங்க சந்திப்புல இந்த வருஷம் 9. அப்போ அதோட உண்மையான ரிஸ்க் 3-க்கும் 9-க்கும் நடுவுல எங்கயோ இருக்கும், 5-ன்னு வெச்சுக்குவோம். எதுவுமே செய்யாம விட்டாலும் அடுத்த வருஷம் 5-க்கு இறங்க வாய்ப்பு அதிகம். நாம பேரிகேட் வெச்சு, 5-ஆ குறைஞ்சதுன்னு கைதட்டுவோம். அது பேரிகேட்டோட சாதனையே இல்லாம இருக்கலாம். 2010-ல வந்த அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கையேடு இந்தக் கணக்கு முறையைத்தான் எடுத்துக்கிச்சு.

இதுல உயிர் எங்க இருக்குன்னா, எண்ணிக்கை ஏறின இடத்துக்குத்தான் நாம பணத்தைக் கொட்டுறோம். ரிஸ்க் அதிகமா இருந்தும், இந்த வருஷம் அதிர்ஷ்டத்துல தப்பிச்ச சந்திப்பு லிஸ்ட்லயே வராது. அங்க ஒருத்தர் செத்த பிறகுதான் நமக்குத் தெரியும்.

அந்தப் பேரிகேட் இன்னும் அங்கதான் இருக்கு. வேலை செய்யுதான்னு இப்போ யாராவது கேட்டா, "பக்கத்துல அதே மாதிரி இருக்கற சந்திப்புகள்ல எத்தனை விபத்து?"ன்னு திருப்பிக் கேக்கறேன். நீங்களும் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.