பத்து ரூபாய் வங்கி

1976-ல் பெரியப்பா தவறியபோது பெரியம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். திருச்சியில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போட்டாங்க. முதலுக்கு ஒரு வங்கிக்குப் போனால், மேனேஜர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" அப்புறம் தண்டல்தான். கையில் 90 ரூபாய் கொடுத்துவிட்டு, தினம் 1 ரூபாயாக 100 நாள் வசூல். ஒன்று முடிந்ததும் அடுத்தது.

நான் வேலைக்காக அகமதாபாத் வந்த பிறகுதான், அதே காலத்தில் இந்த ஊரில் நடந்தது தெரிந்தது.

எலா பட் என்ற வக்கீல் 1972-ல் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். தலைச்சுமைக்காரிகள், பழந்துணி வியாபாரிகள், காய்கறி விற்பவர்கள்தான் உறுப்பினர்கள். 1969-ல் தேசியமயமான வங்கிகளிடம் சங்கமே கடன் வாங்கித் தந்து பார்த்தது. சரிப்படவில்லை. அழுக்குப் புடவையும் கைக்குழந்தையுமாகப் போனால் வங்கியில் மதிப்பில்லை. வியாபாரம் முடித்துப் போனால் கவுண்டர் மூடியிருக்கும்.

நமக்கே ஒரு வங்கி ஏன் கூடாது என்று ஒரு கூட்டத்தில் கேட்டவர் சந்தாபென், பழந்துணி வியாபாரி. நாம் ஏழைகளாச்சே என்றதற்கு, ஆனால் எத்தனை பேர் இருக்கோம் என்றாராம்!

1974-ல் 4,000 பெண்கள் தலா 10 ரூபாய் போட்டார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எதற்கு வங்கி என்றது பதிவு அலுவலகம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பெயரெழுதப் பழகி, கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்தார்கள். கணக்கு வைத்தவர்களை அடையாளம் காண, கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி ஒரு புகைப்படம். (நம்ம கே.ஒய்.சி.க்கெல்லாம் பாட்டி!)

கடனைவிடச் சேமிப்புதான் எனக்குப் பெரிசாகப் படுகிறது. சொந்தப் பேரில் பாஸ்புக், அதைப் பார்த்துக் கடன். விதவையோ, கைவிடப்பட்டவளோ, புருஷன் பேர் அங்கே முதல் கேள்வியில்லை. சிறுகடன் என்றாலே நல்லது என்று நான் சொல்லவில்லை. 2010-ல் ஆந்திராவில் சிறுகடன் கம்பெனிகளின் வசூல் கெடுபிடியும், தற்கொலைச் செய்திகளும், அரசு அவசரச் சட்டம் போட்டதும் நினைவிருக்கும். அங்கே கடன் வாங்கியவள் வெறும் வாடிக்கையாளர். இங்கே பங்குதாரர்.

சென்னையிலும் 1978-ல் ஜெயா அருணாசலம் உழைக்கும் பெண்கள் அமைப்பைத் தொடங்கி, தெருவோர வியாபாரிகளுக்குக் கடன் கிடைக்க வழி செய்தார். பெரியம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. கடைசித் தண்டலை அடைத்தது 1991-ல், அண்ணனின் முதல் சம்பளத்தில்.